லோக்கல் சேனல் ஸ்டுடியோக்கள்: காரைக்குடிப் பக்கத்து அனுபவங்கள்

பழைய கேமராக்காரன், காரைக்குடி

போன வாரம் பரணை ஒழித்தபோது ஒரு சாக்கு நிறைய விஎச்எஸ் கேசட். எல்லாம் எங்கள் ஊர்க் கேபிள் டிவி லோக்கல் சேனலில் ஓடியவை. அந்தக் காலத்து அனுபவம் இருப்பவர்கள் இங்கே எழுதுங்கள், நானே தொடங்குகிறேன்.

1997-இல் சேர்ந்தேன். ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். குடும்பத்தோடு சென்னைக்குப் போய்விட்ட ஒரு செட்டியார் வீட்டில் முகப்பை ஒட்டிய அறைதான் ஸ்டுடியோ. சுவரில் நீலத்துணி, ஒரு மேசை, பிளாஸ்டிக் பூ, இரண்டு லைட். முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுண்ணாம்புச் சுவர் கண்ணாடி மாதிரி மின்னும். லைட்டைப் போட்டால் செய்தி வாசிக்கும் பெண்ணை விடச் சுவர்தான் பளிச்சென்று தெரியும், துணி கட்டியதே அதை மறைக்கத்தான். பட்டாலையில், அதாவது கூடத்தில், பேட்டி எடுத்தால் வேறு தொல்லை. வளவு முற்றத்திலிருந்து வரும் வெயிலில் ஒரு கன்னம் நீலமாகவும், மஞ்சள் லைட்டில் மறு கன்னம் காமாலை வந்தது போலவும் விழும்.

செய்தி அரை மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்கும் பாட்டு, அப்புறம் திருவிழா. கொப்புடையம்மன் தேர், மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் பால்குடம், தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்குக் கிளம்பும் நகரத்தார் காவடி, எதையும் விடமாட்டோம். தை 3 சிராவயல் மஞ்சுவிரட்டுதான் கஷ்டம். தொழுவிலிருந்து வரும் மாட்டையாவது பார்த்துக்கொள்ளலாம். பொட்டலில் அவிழ்த்துவிடும் கட்டுமாடு எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யாருக்குத் தெரியும்? தோளில் கேமரா, ஒரு கண் வியூ ஃபைண்டரில். உதவிக்கு வந்த பையன் என் சட்டையைப் பிடித்து இழுத்தால் ஓட வேண்டும், அவ்வளவுதான் பாதுகாப்பு ஏற்பாடு.

ஒரு கூத்து மறக்காது. கேதச் செய்தி, அதாவது சாவு அறிவிப்பு, எழுத்தாக ஓடும் அல்லவா, அதைக் கல்யாண வாழ்த்து போட்ட கோப்பிலேயே மாற்றி அடித்தேன். பெயரை மாற்றினேன், கடைசி வரியை மாற்றவில்லை. ‘இறுதி ஊர்வலம் சிறப்புடன் நடைபெற வாழ்த்துகிறோம்’ என்று இரவு முழுக்க ஓடிவிட்டது. காலையில் மன்னிப்புக் கேட்கப் போனேன். போனவருக்குத் தொண்ணூறு தாண்டிய வயது. அந்த வீட்டு ஆச்சி, “கல்யாணச் சாவுதானே தம்பி, சிறப்பாத்தான் நடந்துச்சு. போய்க் காப்பி குடி” என்றார்.

கானாடுகாத்தான் வீட்டுக்காரன்

எங்கள் வீட்டில் சென்னை சீரியல்காரர்கள் படம் எடுத்திருக்கிறார்கள். முதல் தடவை வந்தபோது லைட் பிடிக்க, வயர் இழுக்க எல்லாம் உங்களைப் போன்ற லோக்கல் சேனல் பையன்களைத்தான் கூப்பிட்டார்கள். எந்தத் தூணில் கயிறு கட்டலாம், எந்தக் கதவைத் தொடக்கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். பிறகு ஜெனரேட்டர் முதல் டீ மாஸ்டர் வரை அங்கிருந்தே வர ஆரம்பித்தது. அதில் ஒரு தம்பி பர்மா தேக்குத் தூணில் ஆணி அடித்தான். என் அப்பச்சி போட்ட சத்தத்தில் அன்று ஷூட்டிங் அத்தோடு சரி. இப்போதும் வீட்டைக் கேட்டு வருகிறார்கள். வீடுதான் வேண்டும், உள்ளூர் ஆள் வேண்டாம்.

ரஸ்தாக்காரர்

தம்பிகளா, இந்த ஊருக்கு ஸ்டுடியோ வந்து போவது இது இரண்டாவது தடவை. யுத்த காலத்தில் ஏவி. மெய்யப்பன் இங்கே தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தினார். 1947-இல் வந்த ‘நாம் இருவர்’ இங்கே எடுத்ததுதான். என் அப்பா அங்கே தச்சு வேலைக்குப் போனவர். அரண்மனை வாசலைப் பலகையில் செய்து வர்ணம் பூசியதை வயதான பிறகும் சொல்லிக்கொண்டிருப்பார். 1948-இல் ஸ்டுடியோ கோடம்பாக்கம் போனது. கூட வரச் சொன்னார்களாம், ஆத்தா விடவில்லை. அப்பாவுக்கு அது கடைசி வரை ஒரு குறைதான்.

பழைய கேமராக்காரன்

ஐயா, அவர்களாவது கோடம்பாக்கம் போனார்கள். நாங்கள் போக இடமில்லை. பவர்கட் காலத்தில் எடிட்டிங் கம்ப்யூட்டர் இரண்டு தடவை படுத்தது, அதைக்கூடச் சமாளித்தோம். உண்மையில் கழுத்தைப் பிடித்தது டிஜிட்டல். அனலாக்கில், படத்தைக் கேபிளில் ஏற்றிவிடும் மாடுலேட்டர் ஒன்று இருந்தால் போதும், காலியாகக் கிடக்கும் ஒரு சேனலில் நம் படம் ஓடும். செட்டாப் பாக்ஸ் வந்ததும் எல்லாச் சேனலும் பெரிய கன்ட்ரோல் ரூமிலிருந்து மொத்தமாக வந்தது, அங்கே இடம் பிடிக்கப் பணம் கட்ட வேண்டும். நகைக்கடை விளம்பரத்தில் வரும் காசு அதற்கே காணாது. சிற்றூர் வரை டிஜிட்டலாக்க 2017 மார்ச் 31 என்று கெடு வைத்தார்கள். எங்கள் முதலாளி அதுவரைகூடக் காத்திருக்கவில்லை, 2014-லேயே ஸ்டுடியோவின் வீடியோ மிக்சரை விற்றுவிட்டார். போனில் தேர் லைவ் வந்தது எல்லாம் அதற்கப்புறம். போன்தான் எங்களைக் கொன்றது என்று சொல்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை.

பள்ளத்தூர்ப் பெண், சிங்கப்பூர்

அண்ணே, 1999-இல் எங்க ஐயா அறுபதாம் கல்யாணத்தை உங்க சேனலில் போட்டார்கள். எங்களிடம் இருந்த கேசட் மழையில் நனைந்து போனது. அதில் எங்க ஆயா, அதான் பாட்டி, பேசுவார்கள். அவர்கள் குரல் வேறு எதிலும் இல்லை. சாக்கில் இருக்குமா?

பழைய கேமராக்காரன்

இருக்கலாம் தங்கச்சி. பாதி கேசட்டில் லேபிள் உரிந்துவிட்டது, மேலே வெள்ளையாகப் பூஞ்சை வேறு. அப்படியே போட்டால் டேப்பும் போகும், கேசட் ஓட்டும் டெக்கின் ஹெட்டும் போகும். ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஓடுகிற டெக் ஒன்று தேவகோட்டையில் ஒரு நண்பரிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போகிறேன். உங்கள் வளவில் கல்யாணக் கொட்டகை எந்தப் பக்கம், ஆயா என்ன நிறச் சேலை என்று மட்டும் எழுதுங்கள்.