மாடிப்படி டூவே சுவிட்ச் மாற்றியதும் பாதிதான் வேலை செய்கிறது. கறுப்பு ஒயர் எங்கே வரும்?

கீழ்வீடு:
மாடிப்படி லைட்டைக் கீழிருந்தும் மாடியிலிருந்தும் போட்டு அணைக்க இரண்டு டூவே சுவிட்ச் உண்டு, அதில் கீழே இருப்பது உடைந்துபோனது. அப்பா புது 6 ஆம்பியர் டூவே சுவிட்ச் வாங்கி மாட்டினார். இப்போது கீழ் சுவிட்ச் ஒரு பக்கம் இருந்தால்தான் மாடியிலிருந்து லைட்டைப் போட்டு அணைக்க முடிகிறது. மறுபக்கம் தட்டினால் மாடி சுவிட்ச் எடுபடுவதே இல்லை. உள்ளே இரண்டு சிவப்பு, ஒரு கறுப்பு. நடு ஸ்க்ரூவில் ஒரு சிவப்பு, ஓரத்தில் கறுப்பு. கறுப்பு என்றால் கரன்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயர்தானே? அம்மா இருட்டில் படியிறங்குகிறார், யாராவது சொல்லுங்கள்.

ஒயர்மேன்:
சுவிட்ச் நன்றாகத்தான் இருக்கும் தம்பி. நடு ஸ்க்ரூதான் காமன், அதாவது தட்டும்போது ஓரத்து இரண்டோடும் மாறி மாறிச் சேருவது. அதில் ஒயர் மாறியிருக்கிறது. கரன்ட் கொண்டுவரும் பேஸ் ஒயரோ லைட்டுக்குப் போகும் ஒயரோதான் அங்கே வரவேண்டும். ஓரத்து இரண்டும் மாடி சுவிட்ச்சுக்குப் போகிறவை. நியூட்ரல் நேரே லைட்டுக்குப் போய்விடும், சுவிட்ச்சுக்கு வர வேலையே இல்லை. சிவப்பு தீர்ந்தால் இருக்கிற கறுப்பை இழுத்துவிடுவது பழைய வீடுகளில் சகஜம், நிறத்தை நம்பாதீர்கள்.

பழையவீடு:
வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? மெயினை இறக்கினாலும் லைட் லைனில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். இரண்டையும் அணைத்துவிட்டுக் கை வையுங்கள். டெஸ்டர் எரிகிறதா என்று முதலில் கரன்ட் உள்ள பிளக்கில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழ்வீடு:
இன்வெர்ட்டர் இருக்கிறது சார், நல்லவேளை சொன்னீர்கள். எது காமன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒயர்மேன்:
எல்லாம் அணைத்து, மூன்றையும் கழற்றி, நுனிகள் ஒன்றோடொன்றும் பெட்டியிலும் படாமல் விரித்து வையுங்கள். அப்புறம் கரன்ட் கொடுத்து, டெஸ்டர் தவிர எதுவும் படாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள். மாடி சுவிட்ச்சை ஒருவர் தட்டட்டும். எப்படித் தட்டினாலும் ஒரே ஒயரில் டெஸ்டர் பளிச்சென்று எரிந்தால் அதுதான் பேஸ், நடுவுக்குப் போகும். இரண்டு ஒயரில் மாறி மாறி எரிந்தால் அவை ஓரத்துக்கு, எரியாத மூன்றாவது நடுவுக்கு. மங்கலாக எரிவதைக் கணக்கில் எடுக்காதீர்கள், பக்கத்து ஒயரின் தூண்டலால் அப்படித் தெரியும். திரும்ப அணைத்துவிட்டு மாட்டுங்கள். கை நடுங்கினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அது ஒன்றும் குறைச்சல் இல்லை.

கீழ்வீடு:
எப்போதும் டெஸ்டர் எரிந்தது கறுப்பில்தான் அண்ணா! நடுவில் மாட்டியாயிற்று, இரண்டு பக்கமும் அருமையாக வேலை செய்கிறது. மிக்க நன்றி.

ஒயர்மேன்:
நல்லது. அந்தக் கறுப்பின் நுனியில் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள். அடுத்துப் பெட்டியைத் திறப்பவர் அதை நியூட்ரல் என்று நினைத்துத் தொட்டுவிடக் கூடாது.