புதுப்பிப்பு: வி-கிராஸை எத்தனை இன்ச் தூக்குவது?

காரைக்குடிப் பக்கம் கண்மாய்க்கரை, செம்மண் தடம் என்று ஓடும் என் இசுசு வி-கிராஸ் பிக்கப் வண்டியின் சஸ்பென்ஷனை மாற்றி, பாடியை 2 இன்ச் தூக்குவதா, 4 இன்ச்சா என்று முன்பு கேட்டிருந்தேன். 2 இன்ச்சோடு நிறுத்திவிட்டேன்.

காரணம் முன்பக்கம்தான். அங்கே இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். ரொம்பத் தூக்கினால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் சாய்வு கூடி, அதன் முனையில் வளைந்து சுழலும் சிவி ஜாயின்ட் சீக்கிரம் தேயும், அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழியும். கிழிந்த பூட்டுக்குள் கண்மாய்ச் சேறு புகுந்தால் சொல்லவே வேண்டாம்.

பின்னால் அச்சுக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கும் (பட்டை பட்டையாக அடுக்கிய வில்) நடுவே பிளாக், அதாவது ஒரு கட்டை, வைத்தால் போதும் என்றார்கள். நான் லீஃப் ஸ்பிரிங்கையே மாற்றினேன். பிளாக் உயரம் மட்டும்தான் தரும். செங்கல் ஏற்றினால் தாங்குவது லீஃப்தான். சரி, புது லீஃப் விறைப்பு என்பதால் காலி வண்டி இப்போது கொஞ்சம் குதிக்கிறது. ஆச்சி பின் சீட்டுப் பக்கமே வருவதில்லை, முன்னால் ஏறவும் முக்காலி கேட்கிறார்.

தூக்கினால் பின் டிஃபரன்ஷியல் (பின் அச்சின் நடுவே இருக்கும் கியர் பெட்டி) கல்லில் இடிபடாமல் தப்புமா என்று கேட்டவருக்கு: அது அச்சோடு இருப்பதால் ஒரு நூல்கூட உயரவில்லை. அதற்கு டயர்தான் பெரிதாக வேண்டும். அப்புறம், வீல் அலைன்மென்ட் பார்க்காமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். ஹெட்லைட்டையும் இறக்கி வையுங்கள். திருமயம் ரோட்டில் எதிரே வருகிறவர் திட்டுவார்.