பெங்களூருக்கு வந்ததும் கார் இன்ஷூரன்ஸ் ஏறிவிட்டது: ஊர்தான் காரணமா?

அல்சூர் ஏரிக்கரை:
வணக்கம். சேலத்திலிருந்து மாற்றலாகி அல்சூருக்கு வந்தவன் நான். நான்கு ஆண்டுப் பழைய 1,197 சிசி பெட்ரோல் காரை அண்மையில்தான் கேஏ எண்ணுக்கு மாற்றினேன். சென்ற ஆண்டு 12,200 ரூபாய் கட்டினேன். இப்போது ரினியூவலுக்கு 15,400 கேட்கிறார்கள். ஐடிவி (வண்டியின் இன்றைய மதிப்பாகக் கம்பெனி ஏற்கும் தொகை) 5 லட்சம், ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் கிளைம் தரும் கூடுதல் காப்பு) உண்டு. பேசாமல் ஓசூர் உறவினர் முகவரியிலேயே வண்டியைப் பதிந்திருந்தால் பிரீமியம் பாதியாகியிருக்கும் என்று அலுவலக நண்பர் கடிந்துகொள்கிறார். அது உண்மையா? மற்றபடி விபத்து எதுவும் இல்லை. சில்க் போர்டு சந்திப்பில் ஆட்டோ ஒன்று பம்பரை உரசியதற்கு மட்டும் ஒருமுறை கிளைம் வாங்கினேன்.

பழைய கிளைம் மேசை:
நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் சொன்னதுதான் காரணம், ஐயா, ஊர் அன்று.

தேர்ட் பார்ட்டி (நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்புக்கான காப்பு) கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி 1,000 முதல் 1,500 சிசி வரையிலான கார்களுக்கு அது 3,416 ரூபாய். சேலமானாலும் பெங்களூரானாலும் ஒன்றே. ஊருக்கு ஏற்ப மாறுவது ஓன் டேமேஜ் (நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான காப்பு) பகுதிதான். பெங்களூரு, சென்னை, மும்பை, தில்லி உள்ளிட்ட எட்டு நகரங்கள் 'ஏ' மண்டலம், மற்ற ஊர்களெல்லாம் 'பி'. பழைய கட்டணப் பட்டியலில் உங்கள் வகைக் காருக்கு ஐடிவியில் முறையே 3.283, 3.191 சதவீதம். 5 லட்சத்துக்கு வித்தியாசம் 460 ரூபாய். கம்பெனியின் தள்ளுபடி போனால் அதுவும் சுருங்கிவிடும். இதற்காகக் குடியில்லாத முகவரியைக் கொடுத்து, நாளை கிளைம் நேரத்தில் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் முன் விழிக்க வேண்டுமா?

இப்போது பம்பருக்கு வருகிறேன். பில் எவ்வளவு?

அல்சூர் ஏரிக்கரை:
3,400 ரூபாய். என் கையிலிருந்து 1,000 போயிற்று, மீதி 2,400ஐக் கம்பெனி கொடுத்தது.

பழைய கிளைம் மேசை:
கிளைம் இல்லாதிருந்தால் உங்கள் நோ கிளைம் போனஸ் (கிளைம் வாங்காத ஆண்டுகளுக்காக ஓன் டேமேஜில் கிடைக்கும் கழிவு) இந்த ரினியூவலில் 35இலிருந்து 45 சதவீதமாக ஏறியிருக்கும்; இப்போது அது பூஜ்யம். கம்பெனியின் தள்ளுபடிக்குப் பின் ஓன் டேமேஜ் சுமார் 6,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதில் 45 சதவீதம், ஜிஎஸ்டி சேர்த்து ஏறத்தாழ 3,450 ரூபாய் கைவிட்டுப் போகிறது. 2,400 வாங்குவதற்கு 3,450 கொடுத்திருக்கிறீர்கள். அடுத்த ஆண்டும் 50 கிடைக்க வேண்டிய இடத்தில் 20தான். கீறல்களைக் கைக்காசில் சரிசெய்துவிடுவதே மலிவு.

பெள்ளந்தூர்க்காரன்:
செலவைக் குறைக்கிறேன் என்று என்ஜின் காப்பு ஆட்-ஆனை (கூடுதல் காப்பை) மட்டும் வாங்காமல் விட்டுவிடாதீர்கள். 2022 செப்டம்பர் வெள்ளத்தில் எங்கள் பேஸ்மென்ட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அது வடிந்ததும் வண்டி ஓடுமா என்று பார்க்கச் சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஓர் ஓசை, அவ்வளவுதான். சிலிண்டருக்குள் நீர் புகுந்த நிலையில் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் சாதாரண பாலிசியில் அடங்காது என்று சர்வேயர் எழுதிக்கொண்டு போனார். இருக்கை, மின்கம்பிகளுக்குப் பணம் வந்தது, என்ஜினுக்கு வரவில்லை. தண்ணீரில் நின்ற வண்டியைத் தொடாமல் டோ செய்வதே முறை என்பதை அன்றுதான் அறிந்தேன்.

சிவாஜிநகர் வாசகி:
ஒரு சிறு சேமிப்பு: 15 லட்சம் ரூபாய்க்குத் தனிநபர் விபத்துக் காப்பு ஏற்கெனவே தனியாக வைத்திருந்தால், கார் பாலிசியில் அதை மீண்டும் வாங்க வேண்டியதில்லை.

அல்சூர் ஏரிக்கரை:
மூவருக்கும் நன்றி. விபத்துக் காப்பு என்னிடம் தனியாக உண்டு; அதை நீக்கி, என்ஜின் காப்பைச் சேர்த்துப் புதிய கொட்டேஷன் கேட்டிருக்கிறேன். பாலிசி முடிந்து 90 நாள் வரை போனஸ் நிற்கும் என்பதால் தள்ளிப்போடலாம் என்றிருந்தேன். இனிமேல் நிற்க என்னிடம் என்ன போனஸ் இருக்கிறது? இந்த வாரமே கட்டிவிடுகிறேன்.