ஒயின் தோட்டத்துக்கே போய் ருசி பார்த்தவர்கள் சொல்லுங்க

நொய்யல்கரை (திருப்பூர்)

நந்தி மலைக்குப் போகிற வழியில், தொட்டபள்ளாப்பூர் பக்கம் இருக்கிறதே, அந்த ஒயினரி. எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பயர் (buyer) ஒருவர் பெங்களூரில் வந்து இறங்கினார், ஊருக்குக் கிளம்ப அரை நாள் இருந்தது, அங்கே கூட்டிப் போனேன். டேங்க், பீப்பாய், டூர் எல்லாம் போனவர்களுக்குத் தெரியும், விட்டுவிடுகிறேன்.

மனசை விட்டுப் போகாதது கடைசியாக ஊற்றிய சிவப்பு ஒயின்தான். கேபர்னே சாவின்யோன் என்கிற திராட்சை ரகம். கிளாஸைச் சுழற்றி மூக்கை உள்ளே விட்டதும் பச்சைக் குடைமிளகாய் வாசம். அப்போதுதான் அரிவாள்மனையில் நறுக்கிய வாசம், சந்தேகமே இல்லை. ஊற்றிக் கொடுத்த பெண் பிளாக் கரன்ட், சிடார் மரம் என்று அடுக்கிக்கொண்டே போனார். அந்தப் பழத்தை நான் தின்றதும் இல்லை, அந்த மரத்தை முகர்ந்ததும் இல்லை. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது பயர் என் பக்கம் சாய்ந்து, "கிரீன் பெப்பர், இல்லையா?" என்றார்.

சாப்பாட்டோடு ஒயின் குடித்தே வளர்ந்த பிரெஞ்சுக்காரர் அவர். அவர் மூக்கும் என் மூக்கும் ஒரே இடத்தில் போய் நின்றதில் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை. அதற்கு அப்புறம் வாங்கிய எந்தப் பாட்டிலிலும் அந்த வாசம் அவ்வளவு துலக்கமாக வரவில்லை. அது பீப்பாயில் இருந்து வருவதா? வேறு யாருக்காவது இப்படி அமைந்ததா?

பந்தல்காடு (தொண்டாமுத்தூர்)

பீப்பாய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லைங்க. பைரசின் என்று ஒரு பொருள், கேபர்னே பழத்திலேயே இருக்கிறது. காயில் அதிகம், பழுக்கப் பழுக்கக் குறையும். இலை மூடி வெயில் படாத குலையில் இன்னும் கூடுதலாகத் தங்கும். ஓக் பீப்பாய் கொடுப்பது வெனிலா, கிராம்பு மாதிரி வாசங்கள்.

என் கதை வேறு. நாங்கள் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறோம், பந்தலில். பொங்கல் முடிந்த கையோடு விவசாயிகள் சிலர் சேர்ந்து நாசிக் போனோம். திண்டோரி பக்கம் ஒரு ஒயின் தோட்டம். அங்கே பந்தல் கிடையாது, கம்பி கட்டி ஆள் உயரத்துக்கு வரிசை வரிசையாகக் கொடி. ஷிராஸ் ரகம், குலைகள் நிறம் மாறிக்கொண்டிருந்தன. வரிசைக்கு அடியில் பார்த்தால் முழுக்குலைகளாக வெட்டிப் போட்டிருக்கிறார்கள். நோயாக இருக்கும் என்று ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புள்ளி இல்லை, அழுகல் இல்லை, வெடிப்பு இல்லை. மற்றதைவிட நிறம் மாறுவதில் கொஞ்சம் பிந்திய குலை, அவ்வளவுதான். கொடிக்குப் பாரம் குறைக்கிறோம் என்றார் தோட்டம் பார்ப்பவர். எங்கள் காட்டில் ஒரு குலை உதிர்ந்தாலே அப்பா அன்றைக்கெல்லாம் பேச மாட்டார். அந்த வரிசையைத் தாண்டி நடக்கவே எனக்குக் கால் வரவில்லை.

அப்புறம் அவர் மிஞ்சிய குலையில் நன்றாகக் கறுத்த பழம் ஒன்றைக் கிள்ளிக் கொடுத்தார். சுண்டைக்காய் அளவுதான். தோல் தடிப்பு, விதை பெரிசு, கடித்தால் பல்லில் ஒட்டுகிற துவர்ப்பு, அதற்குப் பின்னால் நம்ம பன்னீரில் இல்லாத இனிப்பு. பிரிக்ஸ், அதாவது பழச்சாற்றின் சர்க்கரை அளவு, 22, 23 வரை ஏறினால்தான் ஒயினில் 12, 13 சதவீதம் ஆல்கஹால் நிற்கும். சிவப்பு ஒயினின் சாயமும் துவர்ப்பும் தோலில் இருந்துதான் வருகிறது, அதனால் பழம் சிறுத்திருப்பதே நல்லது. சாயந்திரம் அதே காட்டு ஷிராஸை ஊற்றினார்கள். தோலின் அந்தத் துவர்ப்பை நாக்கில் கண்டுபிடித்தபோது வெட்டிக் கிடந்த குலைகளுக்குக் கணக்குத் தீர்ந்தது.

ஊட்டியில் 'ஹோம் மேட் ஒயின்' என்று சர்க்கரைத் தண்ணீரை விற்கிறார்களே, அதையெல்லாம் இங்கே யாரும் எழுதிவிடாதீர்கள். அது ஒயின் கணக்கில் சேராது.

ஜங்ஷன் ரோஸி (போத்தனூர்)

பந்தல்காடு அண்ணா, கடைசி வரியை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் ரயில்வே காலனியில் வளர்ந்தவள். பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி கிறிஸ்துமஸுக்கு ரொம்ப முன்னாலேயே பீங்கான் ஜாடியில் போட்டுவிடுவார். கறுப்புத் திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு. எங்களைக் கூப்பிட்டு ஜாடியில் காதை வைத்துக் கேட்கச் சொல்வார். உள்ளே சுர்ரென்று ஓயாத சத்தம். அது நிற்கும் வரைக்கும் யாரும் தொடக்கூடாது.

கல்யாணத்துக்கு அப்புறம் நாசிக்கில் ஒரு பெரிய ஆலையில் டேங்க் ரூமுக்குள் போனோம். வழிகாட்டி பேசிக்கொண்டிருந்தார், நான் டேங்க் பக்கம் போய் நின்றேன். அதே சத்தம்! ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்குகிறது, கரியமில வாயு வெளியே போகிறது என்று அவர் சொல்லும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜாடியிலும் டேங்கிலும் நடப்பது ஒன்றுதான். ஆன்ட்டியின் ஒயின் தித்திப்பு, சரி. அது அவர் வீட்டு ருசி, வேறு எங்கேயும் கிடைக்காது. நீங்கள் கடை ஒயினைத் திட்டுங்கள், வீட்டு ஜாடியைத் திட்டாதீர்கள்.

மீனாட்சிபுரம் ரோடு (பொள்ளாச்சி)

இதற்கெல்லாம் மகாராஷ்டிரா வரைக்கும் போக வேண்டுமா? நானும் நந்தி மலை டேஸ்டிங் போனவன்தான். மண், வெயில், தண்ணீர் மாறினால் ஒயின் மாறும் என்று அந்தப் பையன் அழகாக விளக்கினான். எனக்கு அப்போது ஞாபகம் வந்தது கேரளாவில் சித்தூர் பக்கத்துக் கள்ளுக்கடையில் பார்த்த மரமேறி. ஒரு வாய் குடித்துவிட்டு, இது மேட்டாங்காட்டு மரம், இது வாய்க்கால் ஓரத்து மரம் என்று சொன்னார். காலையில் இறக்கியது இனிப்பு, சாயந்திரம் அதுவே புளிப்பு ஏறி வேறு சரக்கு. அந்த நாக்குக்கு எந்த டேஸ்டிங் ரூம் இருக்கிறது? இந்தப் பக்கம் 1987ல் இருந்து கள்ளுக்குத் தடை. எல்லைக்கு அந்தப் பக்கம் உரிமம் வாங்கிய கடை. நம்ம தென்னந்தோப்புக்காரர்கள் வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறோம். ஒயினைக் கலை என்கிற யாரும் கள்ளைப் பற்றி வாய் திறப்பதில்லை, அதுதான் எனக்கு ஆதங்கம்.

நொய்யல்கரை (திருப்பூர்)

நியாயமான பேச்சுங்க. எங்கள் அப்பாரும் இதையேதான் சொல்வார். அந்த மரமேறி பற்றித் தனியாகவே எழுதுங்க, நான் முதல் ஆளாகப் படிக்கிறேன். பந்தல்காடு, வாசத்துக்குக் காரணம் சொன்னதற்கு நன்றி.

அமராவதி ஆறு (கரூர்)

எனக்கு நடந்தது சின்னது. ஒயினரியில் ருசித்து மயங்கி வாங்கி வந்த சிவப்பு ஒயினைச் சித்திரை மாசம் வீட்டில் திறந்தோம். சாராய நெடி மட்டும் மேலே நின்றது. மச்சான் மீதியை ஃப்ரிட்ஜில் வைத்தார். அரை மணி நேரம் கழித்து எடுத்தால் ஒயினரியில் குடித்த அதே ருசி.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். சிவப்பு ஒயினை ரூம் சூட்டில் குடிக்க வேண்டும் என்பது குளிர் நாட்டு ரூமுக்கு. அது 16 முதல் 18 டிகிரி. நம்ம ஊர் ரூம் 32ல் நிற்கும். ஆகவே சிவப்பையும் கொஞ்ச நேரம் குளிரவைத்துத் திறங்கள். வெள்ளை ஒயினுக்கு 8 முதல் 12 போதும், ஐஸ் போடவே கூடாது. டேஸ்டிங் போகிற அன்றைக்கு சென்ட் அடிக்காதீர்கள், பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்து வாசம் கெடும். போவதற்கு முன்னால் காபி, வெற்றிலை வேண்டாம். வயிற்றில் ஏதாவது இருக்கட்டும். ஊற்றுவது கொஞ்சமாக இருந்தாலும் ஆறேழு வகை சேர்ந்தால் ஏறிவிடும். துப்புவதற்கு அங்கே பாத்திரம் வைத்திருப்பார்கள், கூச்சப்படாமல் துப்புங்கள். வண்டி ஓட்டுகிறவர் கட்டாயம் துப்ப வேண்டும், அல்லது தொடவே கூடாது. வாங்கிய பாட்டிலைக் காரில் விட்டுவிட்டு கிருஷ்ணகிரியில் சாப்பிட உட்காராதீர்கள், அந்த வெயிலில் ஒயின் வெந்துவிடும். மாநிலம் தாண்டி எடுத்து வருவதற்கு விதி இருக்கிறது, கேட்காமல் டிக்கியில் போடாதீர்கள். திறந்த பாட்டிலை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மூணு நாலு நாளில் முடித்துவிடுங்கள். நம் நாட்டு வெள்ளை ஒயின் பெரும்பாலும் இளசாகக் குடிக்கத்தான், பீரோவில் வைத்துப் பூட்டினால் ருசி கூடாது.

பந்தல்காடு, ஒயின் ரகம் நம்ம பக்கம் வருமா?

கோபி வாய்க்கால் (இப்போது புனே)

கரூர் அண்ணா, யாரும் கேட்கவில்லை என்றாலும் அந்த சென்ட் விஷயம் ரொம்ப உண்மை. நான் பார்த்தது ஸ்பார்க்கிளிங், குமிழி வரும் ஒயின். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் தடவை நொதிக்க விட்டு, ஈஸ்ட் கசடு மூடிப் பக்கம் இறங்கும்படி தலைகீழாக நிறுத்தியிருந்தார்கள். கழுத்தை மட்டும் உறையவைத்து மூடியைத் திறந்ததும் கசடு ஒரு சின்னக் கட்டியாகப் படாரென்று தெறித்து வெளியே விழுந்தது. உள்ளே 5, 6 அட்மாஸ்பியர் அழுத்தமாம். தரையில் கிடந்ததை விரலில் தொட்டுப் பார்த்தேன், ரொட்டி மாவு வாசம். அப்புறம் கிளாஸில் ஊற்றியதிலும் அந்த வாசம் மெலிசாக வந்தது. டேஸ்டிங்கில் பாதிக்கு மேல் பெண்கள்தான். யாரும் யாரையும் ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. அதுவும் எனக்கு அந்த ஒயினின் ருசியோடு சேர்ந்தே ஞாபகம் இருக்கிறது.

பந்தல்காடு (தொண்டாமுத்தூர்)

ரோஸி அம்மிணி, வீட்டு ஜாடியைச் சொல்லவில்லை, ரோட்டோரக் கடையைத்தான் சொன்னேன். ஜாடியை ஒயின் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

கரூர் அண்ணா, சிரமம்தான். நாசிக்கில் ஏப்ரலில் ஒரு கவாத்து (கொடியை வெட்டிவிடுவது), செப்டம்பர் அக்டோபரில் காய்ப்புக்கு ஒரு கவாத்து, அப்புறம் மழை இல்லாத குளிர் மாசங்களில் பழம் நிதானமாகப் பழுக்கும். வருஷத்துக்கு ஒரே அறுப்பு. நமக்கு அதே சமயத்தில் ஐப்பசி மழை வந்து பூவில் அடிச்சாம்பல் நோயை இறக்கிவிடும். பன்னீர் இதையெல்லாம் தாங்கி இரண்டு வருஷத்தில் ஐந்து அறுப்பு கொடுக்கும் ரகம். கம்பம் பன்னீருக்கு 2023ல் புவிசார் குறியீடே கிடைத்தது, அதை விட்டுவிட்டு ஷிராஸ் வைக்க எனக்கு மனசில்லை. ஆனால் அடுத்த கவாத்துக்கு அப்புறம் மேக்கால ஓரத்துப் பந்தலில் மட்டும் குலையைக் குறைத்து விடப்போகிறேன். பிரிக்ஸ் எவ்வளவு ஏறுகிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன். அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை, பேசிக்கொண்டிருக்கிறேன்.