சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளை எப்படி ஒப்பிடுவது? ஹெச்-4 பிள்ளைகளின் பெற்றோருக்கு

அமெரிக்காவுக்கு ஹெச்-1பி வேலை விசாவில் வந்து ஒன்றிரண்டு வருடம்தான் ஆகிறது, ஹெச்-4 என்ற குடும்ப விசாவில் கூட வந்த பிள்ளை பதினோராம் வகுப்பு. பள்ளி கவுன்சிலர் கொடுத்த பட்டியலில் வில்லியம்ஸ், கார்ல்டன், கிரினெல் என்று கேள்விப்படாத பெயர்கள். இந்த நிலையில் இருக்கிற குடும்பங்களுக்காக எழுதுகிறேன். தயவுசெய்து அந்தப் பெயர்களை உடனே அடித்துவிடாதீர்கள்.

இவைதான் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள்: இளநிலைப் படிப்புக்கென்றே நடப்பவை. பெரும்பாலானவற்றில் மொத்த மாணவர்களே 1,500 முதல் 2,500 பேர்தான். இயற்பியல், கணினி அறிவியல், பொருளாதாரம் எல்லாம் உண்டு. பிஎச்.டி. மாணவர்கள் இல்லாததால் பேராசிரியரே வகுப்பெடுப்பார். ஆய்வகத்தில் அவருடன் வேலை செய்வதும் இளநிலை மாணவர்கள்தான். 2020இல் வேதியியல் நோபல் பெற்ற ஜெனிஃபர் டவுட்னா இளநிலை படித்தது கலிஃபோர்னியாவின் பொமோனா கல்லூரியில். 1989இல் அதே பரிசு பெற்ற தாமஸ் செக் படித்தது அயோவாவின் கிரினெல்லில்.

சரி, இவற்றுக்குள் எதைத் தேர்ந்தெடுப்பது? தரவரிசையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அந்தத் தரவரிசைப் பட்டியலுக்கு விவரம் கொடுப்பதையே ரீட் கல்லூரி 1990களில் நிறுத்திவிட்டது. நான் பார்க்கச் சொல்வது இரண்டு: உங்கள் விசா நிலையில் அங்கே எவ்வளவு செலவாகும், பிள்ளை படிக்க விரும்பும் துறை அங்கே எவ்வளவு பெரியது. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

பணத்தில் தொடங்குவோம். முன்னணிக் கல்லூரிகளில் தங்குமிடம், சாப்பாடு சேர்த்து வருடத்துக்கு 80,000 டாலருக்கு மேல் போகிறது. க்ரீன் கார்டு இல்லாத பிள்ளைக்கு ஃபாஃப்சா என்ற விண்ணப்பம் வழியாக வரும் மத்திய அரசு உதவி கிடையாது. கல்லூரிகள் சொந்த நிதியிலிருந்து தரும் உதவிதான் மிச்சம். அங்கேயும் ஹெச்-4 பிள்ளை இங்கேயே பள்ளி முடித்திருந்தாலும் பல கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர் கணக்கில்தான் சேர்க்கின்றன. உதவி கேட்டாலே இடம் கிடைக்கும் வாய்ப்பு குறையும் கல்லூரிகளும் உண்டு. ஆம்ஹெர்ஸ்ட், போடன் இரண்டும் எந்த நாட்டு மாணவராக இருந்தாலும் சேர்க்கை முடிவில் பண நிலையைப் பார்ப்பதில்லை. ஆனால் இடம் கிடைப்பதே மிகக் கடினம்.

ஒவ்வொரு கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பி இரண்டு கேள்வி கேளுங்கள். ஹெச்-4 மாணவரை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்? படிப்பின் நடுவில் க்ரீன் கார்டு வந்தால் உதவி மாறுமா? பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி இணையதளத்தில் உதவி போகக் கட்ட வேண்டிய தொகையைக் கணக்கிட்டுக் காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் பொதுவாகக் குடிமக்களையும் க்ரீன் கார்டு உள்ளவர்களையும் மனதில் வைத்துச் செய்தது; அது காட்டும் தொகையை நம்பித் திட்டம் போடாதீர்கள். கல்லூரியின் பெயரோடு ‘காமன் டேட்டா செட்’ என்று தேடினால் ஒரு ஆவணம் கிடைக்கும். அதில் ஹெச் (H) பகுதியில் வெளிநாட்டு மாணவர் எத்தனை பேருக்கு உதவி கிடைத்தது, சராசரி எவ்வளவு என்று இருக்கும். ஐ (I) பகுதியில் வகுப்புகளின் அளவு இருக்கும். விளம்பரப் புத்தகங்களைவிட இது நூறு மடங்கு பயன்.

வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட் போன்றவை மதிப்பெண்ணுக்காக உதவித்தொகை தருவதில்லை. குடும்பத்தின் தேவையை மட்டும் பார்க்கும். மெக்காலெஸ்டர், ஓபர்லின், டெனிசன் போன்றவை தருகின்றன. இரண்டு சம்பளம் வரும் வீடுகளுக்கு இந்த இரண்டாவது வகைதான் பெரும்பாலும் கைகொடுக்கும்.

அடுத்தது துறை. பெற்றோர் அதிகம் கவனிக்காத இடம் இது. சின்னக் கல்லூரியில் ஒரு துறையில் ஆறேழு பேராசிரியர்கள்தான் இருக்கலாம். ஒருவர் ஒரு வருடம் ஆய்வு விடுப்பில் போனால் அவர் எடுக்கும் உயர்நிலைப் பாடம் அந்த வருடம் நடக்காமல் போகலாம். பாடக் கையேட்டில் பெயர் இருக்கும், வகுப்பு இருக்காது. அதனால் கையேட்டை விட்டுவிட்டு, கடந்த இரண்டு வருடக் கால அட்டவணையைத் திறந்து உண்மையில் எவை நடந்தன என்று எண்ணிப் பாருங்கள். பள்ளியிலேயே கால்குலஸைத் தாண்டிவிட்ட பிள்ளைக்கு மூன்றாம் வருடத்தில் எடுக்கப் பாடம் மிஞ்சுமா? கணினி அறிவியலில் இடம் போதாமல் மாணவர்கள் காத்திருக்கிறார்களா? அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள், மறைக்காமல் சொல்வார்கள்.

பக்கத்துக் கல்லூரிகளோடு கூட்டு இருந்தால் இந்தக் கவலை பாதியாகிவிடும். கிளேர்மாண்டில் பொமோனா, ஹார்வி மட் உட்பட ஐந்து கல்லூரிகள் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. ஒன்றில் சேர்ந்து மற்றதில் பாடம் எடுக்கலாம். ஸ்வார்த்மோர் மாணவர்கள் ஹேவர்ஃபோர்டு, பிரின் மார், பென்சில்வேனியா பல்கலைக்கழகம் மூன்றிலும் எடுக்கலாம். ஆம்ஹெர்ஸ்ட், ஸ்மித், மவுண்ட் ஹோலியோக் மாணவர்களுக்கு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் பஸ் தூரம்தான். பொறியியல் வேண்டுமென்றால் ஸ்வார்த்மோர், ஹார்வி மட், பெண்களுக்கு ஸ்மித் ஆகியவற்றில் அங்கேயே பட்டம் உண்டு. மூன்று வருடம் இங்கே, இரண்டு வருடம் வேறு பல்கலைக்கழகத்தில் என்ற ஏற்பாட்டை ஹெச்-4 குடும்பங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு வருடம் கூடுதல். இரண்டாவது இடத்தில் உதவி கிடைக்கும் என்ற உறுதியும் பெரும்பாலும் இல்லை.

கால அட்டவணையும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கார்ல்டனில் பத்து வாரப் பருவம், பருவத்துக்கு மூன்று பாடம். கொலராடோ கல்லூரியில் ஒரு நேரத்தில் ஒரே பாடம், மூன்றரை வாரம். உடம்புக்கு முடியாமல் ஒரு வாரம் படுத்தால் அங்கே இழப்பு பெரிது.

ஊரைப் பற்றி: ஸ்வார்த்மோரிலிருந்து ரயில் ஏறினால் ஃபிலடெல்ஃபியா. வில்லியம்ஸுக்குப் பக்கத்து விமான நிலையமான ஆல்பனியிலிருந்து ஒரு மணி நேரம் காரில் போக வேண்டும். முடிந்தால் குளிர் கடுமையாக இருக்கும் பிப்ரவரியில் போய்ப் பாருங்கள்.

விசா விஷயம் இன்னும் கொஞ்சம். ஹெச்-4 பிள்ளை கல்லூரி வளாகத்தில்கூடச் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. 21 வயதானால் ஹெச்-4 முடிந்துவிடும். அதற்குள் எஃப்-1 மாணவர் விசா போன்ற வேறு விசாவுக்கு மாறியாக வேண்டும். எஃப்-1இல் படித்து முடித்தபின் 12 மாதம் வேலை செய்யலாம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டமென்றால் கூடுதலாக 24 மாதம். பொருளாதாரத்தைச் சில கல்லூரிகள் ஸ்டெம் பிரிவில் பதிவு செய்திருக்கின்றன, சில செய்யவில்லை. ஒரே பாடம், இரண்டு வருட வித்தியாசம். இதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

இந்தியாவுக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால், அங்கே வேலை தருபவர்கள் பலருக்கு இந்தப் பெயர்கள் தெரியாது என்பதையும் பிள்ளையிடம் பேசிவிடுங்கள். மேற்படிப்புக்குப் போகிறவருக்கு அது பெரிய தடையில்லை.

கடைசியாக, ‘எர்லி டிசிஷன்’, அதாவது ஒரே ஒரு கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறை பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதில் இடம் கிடைத்தால் சேர்ந்தாக வேண்டும். பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும். கல்லூரி தரும் உதவி போதவில்லை என்றால் விலகலாம், ஆனால் மற்ற கல்லூரிகள் எவ்வளவு தந்திருக்கும் என்று ஒப்பிட வழியில்லை. முழுத் தொகையையும் கட்ட முடிகிற குடும்பம் தாராளமாகப் போடலாம். மற்றவர்கள் ‘ரெகுலர்’ என்ற வழக்கமான முறையில் எட்டுப் பத்து கல்லூரிகளுக்குப் போடுங்கள், அதில் உங்கள் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். பல மாநிலங்களில் ஹெச்-4 பிள்ளைக்கும் உள்மாநிலக் கட்டணம் உண்டு. மார்ச் கடைசியில் கடிதங்கள் வரும்போது அந்தத் தொகையைப் பக்கத்தில் வைத்துத்தான் மற்றவற்றைப் பார்க்க வேண்டும்.