எம்புனா மீன்கள் கீழே இறங்காமல் மேல் மூலையிலேயே நிற்கின்றன, கல் அமைப்பை எப்படி மாற்றலாம்?

ஈரமணல் (கேள்வி):

வணக்கம் நண்பர்களே. என் தொட்டி நாலு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் பாறைகளுக்கிடையே வாழும் எம்புனா வகைச் சிக்லிட் மீன்களுக்காகவே வைத்தது. மஞ்சள் லேப் ஆறு, ரெட் ஸீப்ரா நாலு, அப்புறம் பெயர் தெரியாத கோடு போட்ட மீன் ஒன்று. நடுவில் கற்களை ஒரே குவியலாக அடுக்கியிருக்கிறேன். இடது பக்கம் ஒரு பெரிய மரக்கட்டை, வலது பக்கம் மெல்லிய இலைச் செடிகள்.

அந்தக் கோடு மீன் மொத்தக் குவியலையும் பிடித்துக்கொண்டு யாரையும் அண்ட விடுவதில்லை. வாங்கும்போது மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடுகள் இருந்தன. இப்போது உடம்பே கறுத்து, பக்கவாட்டில் வெளிர்நீலக் கோடு ஓடுகிறது. மற்ற மீன்கள் ஹீட்டருக்குப் பின்னால் மேல் மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, தீனி போட்டால்தான் இறங்குகின்றன. இரண்டு மீன்களுக்கு வால் கிழிந்திருக்கிறது. குவியலுக்கு அடியில் மணலைத் தோண்டித் தோண்டி ஒரு கல்லும் சாய்ந்துவிட்டது. செடிகள் எல்லாம் மிதக்கின்றன.

தண்ணீர் லேசான டீ நிறம். பிஎச் (அமில, கார அளவு) 7, அம்மோனியா 0.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), வெப்பம் 26 டிகிரி. தொட்டி வைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. எங்கிருந்து சரி செய்ய ஆரம்பிப்பது?

கல்லிடுக்கு:

நீங்கள் சொல்லும் நிறமாற்றத்தை வைத்துப் பார்த்தால் அது ஆராடஸ் ஆண். ஆதிக்கம் கைக்கு வந்ததும் இப்படித்தான் கறுக்கும். எம்புனாக்களிலேயே முரட்டு வகை அது. சாதுவான மஞ்சள் லேப்களோடு இந்த அளவுத் தொட்டியில் ஒத்துப்போகாது. சிக்லிட் வளர்க்கும் வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். குளத்திலோ ஆற்றிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள்.

துடுப்பு:

பிஎச் 7 இந்த மீன்களுக்குக் குறைவு. மலாவி ஏரித் தண்ணீர் ஏறக்குறைய 7.8 முதல் 8.6 வரை, காரத்தன்மை கொண்டது. மரக்கட்டையிலிருந்து இறங்கும் சாயம்தான் தண்ணீரைப் பழுப்பாக்குகிறது. அது பிஎச்சையும் கீழே இழுக்கும். கட்டையை எடுத்துவிட்டு, நொறுக்கிய பவளத் துண்டுகளை ஒரு வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் இன்றே வையுங்கள்.

நீர்க்கணக்கு:

துடுப்பு சொன்னதில் ஒன்று மட்டும் இப்போது வேண்டாம். பவளத் துண்டை இன்றைக்கு வைக்காதீர்கள்.

அம்மோனியா 0.5 இருக்கும்போது பிஎச்சை ஏற்றுவது ஆபத்து. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று மீனை அதிகம் பாதிக்காது, இன்னொன்று செவுளைச் சுடும் விஷம். பிஎச் ஒரு புள்ளி ஏறினால் விஷ வடிவத்தின் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகிவிடும். இன்று 7-இல் தாங்கிக்கொண்டிருக்கும் மீன், அதே அளவு அம்மோனியா இருந்தும் 8-இல் மூச்சுத் திணறும். முதலில் அம்மோனியாவும், அது சிதைந்து உருவாகும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வரட்டும். அதுவரை தீனியைப் பாதியாகக் குறைத்து, குளோரின் நீக்கிய தண்ணீரால் தினமும் கால் பங்கு மாற்றுங்கள். அப்புறம் பவளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். 7.8-இல் நிலையாக நின்றாலே போதும், 8.4-ஐத் துரத்த வேண்டியதில்லை.

ஒரு மாதம் தாண்டியும் அம்மோனியா இறங்கவில்லை என்றால், ஃபில்டர் ஸ்பாஞ்சை எப்படிக் கழுவுகிறீர்கள்?

ஈரமணல்:

வாரம் ஒருமுறை குழாய்த் தண்ணீரில் நன்றாகப் பிழிந்து கழுவுகிறேன். ஆராடஸைக் கொடுக்க ஆள் தேடுகிறேன். அது போனால் கற்களை அப்படியே விட்டுவிடலாமா?

நீர்க்கணக்கு:

காரணம் அதுதான். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின், ஸ்பாஞ்சில் வளர்ந்து அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தண்ணீர் மாற்றும்போது எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை ஒருமுறை அலசினால் போதும். அதுவும் ஓட்டம் குறைந்தால் மட்டும்.

கல்லிடுக்கு:

கற்களை அப்படியே விடாதீர்கள். குவியல் ஒன்றே ஒன்றாக இருக்கும்வரை ஆராடஸ் போனாலும் ஒரு ரெட் ஸீப்ரா ஆண் அந்த இடத்தைப் பிடிக்கும். ஒரு குவியல் என்றால் ஒரு எல்லை, ஒரு எல்லைக்கு ஒரு முதலாளி. எம்புனா தொட்டியில் அலங்காரம் என்பது முதலில் மீனின் பார்வையை மறைக்கும் வேலை. துரத்தும் மீன் தலையைத் திருப்பினால் துரத்தப்பட்டது கண்ணில் படக் கூடாது.

எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மணலை ஒதுக்கி, அடிக் கண்ணாடி தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். கல் நிற்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வலைத்தட்டைப் போட்டு, பெரிய கற்களை அதன் மேல் நேராக உட்கார வையுங்கள். மணல் கடைசியில், இரண்டு அங்குலத்துக்கு மிகாமல். இப்போது உங்கள் கற்கள் மணல் மேல் நிற்கின்றன, அதனால்தான் தோண்டினால் சாய்கின்றன. சிக்லிட் தோண்டுவதை நிறுத்தாது, அது அதன் குணம். தோண்டினாலும் சாயாதபடி அடுக்குவது நம் வேலை. ஒவ்வொரு கல்லையும் வைத்தவுடன் விரலால் அழுத்தி ஆட்டிப் பாருங்கள். மேல் கல் துளி ஆடினாலும் இறக்கித் திருப்பி வையுங்கள். கண்ணாடி ஹீட்டரைக் கல் விழக்கூடிய இடத்தில் வைக்க வேண்டாம்.

நடுவில் குவியல் வேண்டாம். இடதில் பெரிது, வலதில் கொஞ்சம் சிறிது, இடையில் ஒரு சாண் வெறும் மணல். இரண்டையும் தொட்டி உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குவரை ஏற்றுங்கள். இல்லாவிட்டால் மேல் பாதியில் ஒளிய இடமே இருக்காது, மறுபடியும் ஹீட்டர் பின்னால்தான் போய் நிற்கும்.

முக்கியமான விஷயம் பொந்து. நுழையும் வழி ஒன்று என்றால் வெளியேற இன்னொன்று கட்டாயம் இருக்கணும். ஒரே வாய் உள்ள பொந்துக்குள் பலவீனமான மீன் நுழைந்தால், துரத்தி வந்தது வாசலில் நின்றுகொண்டு உள்ளேயே குதறிவிடும். அழகுக்காக வைக்கும் மண்பானையிலும் இதே தொல்லை உண்டு. அடியில் ஒரு துளை போட்டுவிட்டு வையுங்கள். சில பொந்துகள் சிறிய மீன் மட்டும் நுழையும் அளவுக்கு இருப்பது இன்னும் நல்லது.

பெரும்பாலான கற்கள் சரிதான். வினிகர் விட்டு நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, மலாவி மீன்களுக்கு அது நன்மையே. துரு நிறக் கோடு தெரியும் கல்லையும் கூர்முனை உள்ள கல்லையும் ஒதுக்கிவிடுங்கள். பயத்தில் பாயும்போது உடம்பு கிழியும்.

பாசிப்பச்சை:

செடிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மெல்லிய இலைகளை இவை மேய்ந்துவிடும். அனூபியாஸும் ஜாவா ஃபெர்னும் தடித்த இலை, பெரும்பாலும் தொடுவதில்லை. இரண்டையும் மணலில் நடாமல் கல்லில் நூலால் கட்டுங்கள், எவ்வளவு தோண்டினாலும் மிதக்காது. கல்லில் படரும் பச்சைப் பாசியையும் சுரண்டித் தள்ள வேண்டாம். முன் கண்ணாடியை மட்டும் துடைத்தால் போதும். இயற்கையில் எம்புனா நாள் முழுக்கக் கொறிப்பது அந்தப் பாசியைத்தான்.

ஈரமணல்:

கல்லிடுக்கு சொன்னபடியே இரண்டு குவியலாக மாற்றினேன். ஆராடஸும் போய்விட்டது. விளக்கு அணைந்த பிறகு மீன்களை விட்டேன், காலையில் பார்த்தால் மூலையில் ஒன்றுகூட இல்லை! ஆளுக்கு ஒரு பொந்தில் தலையை நீட்டிக்கொண்டிருந்தன. இப்போது அம்மோனியா பூஜ்யம், பிஎச் மெதுவாக 7.6-க்கு வந்திருக்கிறது. அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

இன்னொரு சந்தேகம். ஒரு மஞ்சள் லேப் சில நாட்களாகச் சாப்பிடவில்லை. தனியாக ஒரு பொந்தில் நிற்கிறது. தாடை தொங்கினாற்போல் உப்பியிருக்கிறது, அவ்வப்போது எதையோ மெல்வதுபோல் அசைக்கிறது. மலாவி வயிறு வீக்கம் என்ற நோயோ என்று பயமாக இருக்கிறது.

நீர்க்கணக்கு:

வீக்கம் வயிற்றிலா தாடையிலா என்று பாருங்கள். வயிறு உப்பி, வெள்ளை நூல் மாதிரி கழிவு தொங்கி, வேகமாக மூச்சு வாங்கினால் அது நோய். தாடை மட்டும் உப்பியிருந்தால் வாய்க்குள் முட்டை இருக்கிறது, இந்த வகையில் தாய் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரிக்கும். மெல்வதுபோல் தெரிவது முட்டைகளைப் புரட்டுவது. ஏறக்குறைய மூன்று வாரம் சாப்பிடாமல் சுமக்கும். வலையைப் போட்டுத் துரத்தாதீர்கள், பயந்தால் துப்பிவிடும், விழுங்கியும் விடலாம்.

கல்லிடுக்கு:

வாழ்த்துகள். இடது குவியலின் அடியில் சுண்டுவிரல் அளவுக் கூழாங்கற்களைக் கொட்டி வையுங்கள், குஞ்சுகள் அந்த இடுக்கில் தப்பிக்கும். ஆனால் மஞ்சள் லேப் ரெட் ஸீப்ராவோடும் இணையும். அப்பா யார் என்று உறுதியாகத் தெரியாததால், குஞ்சுகளை யாருக்காவது கொடுக்கும்போது அதைச் சொல்லிக் கொடுங்கள்.