கீசர் போட்டதும் டிவி எரிந்தது: லோடு பற்றி உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்

வயரிங் வேலை பார்ப்பவர், நாகப்பட்டினம் பக்கம்

லோடு என்றால் பலரும் வாட்டைத்தான் நினைக்கிறார்கள். கீசர் 2000, டிவி 100, பெரியது அதிகம் இழுக்கும், சிறியது கொஞ்சமாக இழுக்கும், அவ்வளவுதான். அந்தக் கணக்கு 230 வோல்ட் ஒழுங்காக வரும்வரைதான் செல்லும். போன மழைக்காலத்தில் பார்த்த ஒரு வீட்டை வைத்தே சொல்கிறேன்.

த்ரீ பேஸ் சர்வீஸ், அதாவது கரண்ட் கொண்டுவரும் கம்பி (பேஸ்) மூன்று. ஹால் ஒரு பேஸ், கீசர் இன்னொரு பேஸ், மாடி மூன்றாவது. மாடியில் அன்று ஆள் இல்லை, எல்லாம் ஆஃப். காலையில் கீசரைப் போட்டதும் ஹால் லைட் பளீரென்று எரிந்து அணைந்துவிட்டது, டிவிக்குப் பின்னால் புகை. "கீசர்தான் தம்பி கோளாறு, அதைக் கழற்றிப் போடு" என்று வீட்டுக்கார அம்மா ஒரே பிடியாக நின்றார். கீசரில் ஒரு குறையும் இல்லை. மெயின் போர்டைத் திறந்தால், கரண்ட் திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரலை இணைக்கும் லிங்க்கின் ஸ்க்ரூ உப்புக்காற்றில் துருவேறி, வயர் நுனி கருகி, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது.

நியூட்ரல் இருக்கும்வரை ஹால் கரண்ட் அதன் வழியில் திரும்பும், கீசர் கரண்டும் அப்படியே. ஒன்று மற்றொன்றைத் தொந்தரவு செய்யாது. நியூட்ரல் போய்விட்டால் ஹாலுக்குள் நுழைந்த கரண்ட் வெளியேற ஒரே வழி கீசர் வழியாக அடுத்த பேஸுக்குப் போவதுதான். அதாவது இரண்டு லோடும் சீரிஸில், ஒன்றன்பின் ஒன்றாக, வந்துவிட்டன, இரண்டு பேஸுக்கும் இடையே உள்ள 400 வோல்ட் அவற்றின் மேல் நிற்கிறது. 2000 வாட் கீசரின் மின்தடை சுமார் 26 ஓம், 100 வாட் பல்பு என்றால் 529 ஓம். சீரிஸில் இரண்டிலும் ஓடுவது ஒரே கரண்ட், ஏறக்குறைய 0.7 ஆம்பியர். அதனால் கீசருக்கு 20 வோல்ட்கூடக் கிடைக்காது, பல்பின் தலையில் 380 வோல்ட் இறங்கும். டிவி பல்பு மாதிரி அப்படியே கணக்குக்குள் அடங்காது, ஆனாலும் கதி அதேதான்: இந்தப் பழுதில் முதலில் எரிவது சின்ன லோடு.

அந்த அம்மா நம்பவில்லை. என் பையில் பழைய குண்டு பல்புகள் எப்போதும் இருக்கும். ஒரு 100 வாட்டையும் ஒரு 40 வாட்டையும் சீரிஸாகக் கட்டி பிளக்கில் கொடுத்தேன். 40 வாட் நன்றாக எரிந்தது, 100 வாட்டில் இழை மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. "அட, சின்னதுதானே எரியுது" என்றார். அப்புறம் கீசரைக் கழற்றச் சொல்லவே இல்லை.

கிணற்றுப் பாசனக்காரர், திண்டுக்கல்

அண்ணே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் "லோ வோல்டேஜ்தானே, கரண்டும் கம்மியாத்தான் இழுக்கும், ஓட்டு" என்பார்கள். அயர்ன் பாக்ஸுக்கு அது சரி, வோல்டேஜ் இறங்கினால் கரண்டும் இறங்கி, சூடு குறையும். மோட்டார் அப்படியில்லை. அதன் முதுகில் தண்ணீர் இருக்கிறது, வோல்டேஜ் எவ்வளவு இறங்கினாலும் அதே தண்ணீரை அதே உயரத்துக்குத் தூக்கியாக வேண்டும், அதனால் கூடுதல் கரண்டை இழுத்துக்கொண்டு கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஓடப் பார்க்கும். 7.5 ஆம்பியர் எடுக்கும் 5 எச்பி மோட்டார், 415 வோல்ட்டுக்குப் பதில் 340 வந்தால் 9, 10 ஆம்பியர் என்று ஏறுவதை டாங் டெஸ்டரில் (வயரைக் கவ்விக் கரண்ட் அளக்கும் மீட்டர்) கண்ணால் பார்த்திருக்கிறேன். மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பியான காயிலில் உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறுவதால், வார்னிஷ் வாசனை வரும்போது காரியம் முடிந்திருக்கும். பக்கத்துத் தோட்டத்தில் ஒரே கோடையில் இரண்டு முறை காயில் கட்டினார்கள். கரண்ட் கூடினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயை மோட்டார் பிளேட்டில் போட்டிருக்கும் ஆம்பியருக்கே வையுங்கள். அடிக்கடி விழுகிறதே என்று திருகிக் கூட்டிவிடாதீர்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர், சென்னை

எங்கள் வீட்டில் பாத்ரூம் கீசர் பிளக் மஞ்சளாகி உருகியது. கீசர் மெக்கானிக் வந்து கீசர் சரியாக இருக்கிறது என்றார். சாக்கெட்டில் பின் பிடிப்பு தளர்ந்திருந்ததாம். அங்கே அரை ஓம் இருந்தாலே, 8.7 ஆம்பியர் போகும்போது அந்த இடத்தில் மட்டும் 38 வாட் சூடு என்று கணக்குப் போட்டுக் காட்டினார். நாம் மாட்டாத லோடு ஒன்று பிளக்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது! 16 ஆம்பியர் சாக்கெட் புதிதாக மாற்றினோம், இப்போது தொட்டுப் பார்த்தால் சூடே இல்லை. அண்ணா, ஒரு சந்தேகம். நீங்கள் சொன்ன வீட்டில் கரண்ட் கூடினால் தானாக விழும் சுவிட்ச், அந்த எம்சிபி, ஏன் விழவில்லை?

வயரிங் வேலை பார்ப்பவர், நாகப்பட்டினம் பக்கம்

எம்சிபி பார்ப்பது கரண்டை மட்டும்தான் தங்கச்சி. அங்கே ஓடியதே ஒரு ஆம்பியருக்குக் கீழே, அது எதற்கு விழும்? பூமிக்குக் கசிவு இல்லாததால், கசிவைப் பார்த்து விழும் ஆர்சிசிபியும் சும்மா இருக்கும். இதற்கென்று வோல்டேஜ் ஏறினால் வெட்டும் கட் ஆஃப் தனியாகக் கிடைக்கிறது, த்ரீ பேஸ் வீட்டில் கட்டாயம் போடுங்கள். பழைய வீடுகளில் நியூட்ரலிலும் ஃபியூஸ் கட்டை இருக்கும், அதை எடுத்துவிட்டு நேர் லிங்க் போடச் சொல்லுங்கள். ஒரு ரூமில் லைட் மங்கி, அதே நேரம் இன்னொரு ரூமில் பளீரென்று தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், மெயினை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பழுது மீட்டருக்கு முன்னால், கம்பத்துப் பக்கம் என்றால் இபி ஆபீஸில் சொல்லுங்கள், சீலை நாம் தொடக்கூடாது.